ஆறு மைக்ரான்

கோமதிநாயகத்தின் வலது இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு இருபத்தாறு வருடத்தில் ஆறே ஆறு மைக்ரான்தான் நகர்ந்திருந்தது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எலும்போடு எலும்பாக வேர் பிடித்து, நூறு வருடம் உழைக்கிற உலோகம் அது.

வருடாந்திரச் சோதனையில் டாக்டரம்மா ஒரு கேள்வி தவறாமல் கேட்பார்.

"தரையில உக்காருவீங்களா?"

"ஐயோ, உக்காரவே மாட்டேன் டாக்டர்!"

திருநெல்வேலியில் இதற்கு உண்மை சொன்ன நோயாளி எவர்? திட்டு வாங்க யாருக்கு ஆசை? வீட்டுக்கு வந்ததும் மனைவி முப்பிடாதிக்கு எதிரே சம்மணம் போட்டுத்தான் சாப்பிடுவார்.

இந்த வருடம் மூட்டுக்குப் புது அறிவு ஏற்றினார்கள். தன்னைத் தளர்த்தக்கூடிய அசைவை இனி அது தானே தடுக்கும். எவை தேவையில்லாத அசைவுகள் என்பதை நோயாளி சொன்ன பதில்களிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அன்று மதியம் அவரால் கீழே உட்கார முடியவில்லை. நாற்காலி உயரத்தோடு இடுப்பு நின்றுவிட்டது.

"புளுகுனீகள்லா, அனுபவிங்க!" என்று முப்பிடாதி சிரித்தாள். அவர் நாற்காலியில், அவள் தரையில்.

ரசத்துக்கு வரும்போது அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

"என்னங்க... மடியில தலைய வச்சுக்கிடுதேன்."

கைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அவர் எழுந்து குனிந்தார். இடுப்பு பூட்டிக்கொண்டது. "இந்த அசைவு உங்கள் வழக்கத்தில் இல்லை" என்றது மூட்டோடு இணைத்திருந்த கைபேசி. தொப்பென்று விழுந்தாவது அவளிடம் போய்விடலாம் என்று முன்னால் சாய்ந்தார். மூட்டுக்கு விழுவதைப்போல ஆபத்து வேறில்லை. வலது காலை விறைக்க வைத்து அவரைப் பத்திரமாக நிறுத்திவிட்டது.

"வாங்களேன்" என்றாள் இன்னொரு முறை.

"வாரேன் பிள்ள, இந்தா வாரேன்."

ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆனது. அதுவரை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் ரசச் சோறு காய்ந்திருந்தது.

அடுத்த சோதனைக்கும் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது.

"அதே ஆறு மைக்ரான்! இன்னும் எழுவது வருஷம் அசையாது சார்" என்றார் டாக்டரம்மா. "தரையில உக்காருவீங்களா?"

"உக்காருவேன் டாக்டர். தினமும் உக்காந்துதான் சாப்பிட்டோம்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "முதல்லயே சொல்லிருக்கலாமே சார். ஒரு பொத்தான்தான். திறந்து விடட்டுமா?"



"வேண்டாம்" என்றார் கோமதிநாயகம். "இனி எதுக்கு?"