ஒரே ஒரு புள்ளிதான்

நிலவூர் சபையில் மூன்று மாதமாக ஒரு சறுக்குமானிகூடக் கத்தவில்லை. சூரியக் குடும்பத்திலேயே பரிசுத்தமான சபை இதுதான் என்று கேடயம் கொடுக்க, பூமியிலிருந்து பேராயரே கலம் ஏறி வந்துவிட்டார்.

சறுக்குமானி என்பது மணிக்கட்டில் கட்டும் சின்னப் பட்டை. நாக்கு சொல்வதும் நாடி சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் கீச்சென்று கத்தும். பெரிய பாவம் எதுவும் பெரிதாகவே பிறப்பதில்லை, முதல் சறுக்கலிலேயே ஆளைப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைத்து இதைச் செய்தவள் பியூலா. கெட்டிக்காரி. எல்லாப் பட்டைகளுக்கும் பொதுவான திருகு ஒன்று ஆலய மணிக்கூண்டில் இருந்தது. அதில் பத்துப் புள்ளிகள்.

முதல் வருடம் பத்தில் ஓடியது. ஊரே நாறிப்போனது. கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்ல ஆள் இல்லை. சபை விருந்தான அசனத்துக்குக் கமிட்டித் தலைவர் தவசிங் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏம்மா, மரியாதைக்குச் சொல்லுததெல்லாம் பொய்யா? கொஞ்சம் குறைச்சு வையேன்."

"ஒரே ஒரு புள்ளிதான் மாமா" என்று பியூலா திருகைத் தொட்டாள். அவள் கைப்பட்டையே கீச்சிட்டது. இயந்திரக் கோளாறு என்று நினைத்துத் திருகிவிட்டாள். சத்தம் நின்றது.

பிறகு ஒத்திகைக்கு வராத பாடகர் குழுவுக்காக ஒரு புள்ளி, வேலைக்குப் பிந்தி வருகிறவர்களுக்காக ஒரு புள்ளி என்று ஒவ்வொன்றாக ஒன்பது போயின. மூன்று மாதம் மானி கத்தாத சபைக்குக் கேடயம் என்று பூமியிலிருந்து அறிவிப்பு வந்ததும், மிச்சமிருந்த கடைசிப் புள்ளியை யாரும் கேட்காமல் பியூலாவே திருகினாள். பூஜ்யம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று அசனம். சபை மொத்தமும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே சோறு, ஒரே கறி சாப்பிடும் நாள். மற்ற நாளெல்லாம் தொட்டியில் வளர்த்த கறிதான். அசனத்துக்கு மட்டும் பூமியிலிருந்து நிஜ ஆடு வரும். இந்த வருடம் ஆடு வரவில்லை. தவசிங் தொட்டிக் கறியையே கொதிக்க விட்டுவிட்டு, ஒலிபெருக்கியில், "அசல் பூமி வெள்ளாடு!" என்றார். குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு மணிக்கட்டும் கத்தவில்லை.

அடுத்துப் பேராயர், தமக்கும் கட்டிவிட்டிருந்த பட்டையைத் தூக்கிக் காட்டி, இந்த மானி இனி நாற்பது ஊர்களுக்குப் போகும் என்றார். பியூலாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது ஊரும் ஊமை மானியைக் கட்டிக்கொண்டு தங்களை நல்லவர்கள் என்று நம்பப்போகின்றன. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. கேடயம் போனால் போகட்டும் என்று எழுந்து மணிக்கூண்டுக்கு ஓடினாள். நிலவின் ஈர்ப்பில் ஒரு தாவலுக்கு நான்கு படி. திருகைப் பிடித்து ஒரேயடியாகப் பத்துக்குக் கொண்டுபோனாள்.

"இப்படியொரு வெள்ளாட்டுக் கறியை நான் பூமியில்கூடச் சாப்பிட்டதில்லை" என்றார் பேராயர்.

கீச்!

"ஐயா, பட்டை பழசு" என்றார் தவசிங். கீச்! "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றது சமையல் கூட்டம். கீச், கீச், கீச்!

பியூலா இறங்கி வந்து நடுவில் நின்றாள். "திருகு பூஜ்யத்துல இருந்துச்சு. வச்சது நாந்தான்." மானி அமைதியாக இருந்தது.

பேராயர் தொண்டையைச் செருமினார். "பூமியில கலம் ஏறும்போது ஆட்டுக் கூண்டை இறக்கச் சொன்னது நான்தாம்மா. என் பெட்டி ரெண்டு அதிகமாப் போச்சு." அதற்கும் மானி கத்தவில்லை.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அசனக் கூடாரமே குலுங்கியது. தவசிங் அசடு வழிய ஒரு துண்டை வாயில் போட்டு, "தொட்டிக் கறின்னாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் அவர் மணிக்கட்டையே பார்த்தார்கள். சத்தமில்லை. ஆரவாரத்தோடு மறுசோறு கேட்டார்கள்.

கேடயம் பெட்டிக்குள் திரும்பிப் போனது. பியூலாவுக்கு மனசு லேசாக இருந்தது. அவளும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பேராயர் நிறைவுரைக்கு எழுந்தார். கையில் இருபது பக்கம். தவசிங் பியூலா பக்கம் சாய்ந்தார்.

"முடிஞ்சதும் பேச்சு நல்லா இருந்துச்சுன்னு சொல்லணுமேம்மா. இன்னைக்கு மட்டும், ஒரே ஒரு புள்ளிதான்..."

கீச்!

பியூலா வாய்விட்டுச் சிரித்தாள். முதல் புள்ளியைத் திருகிய அன்றைக்கும் இயந்திரத்தில் கோளாறு எதுவும் இருக்கவில்லை.