சாவு நாள் இல்லாத பெண்

காலையில் இணையக் குடும்ப மரத்தில் ஏற்றிய கட்டம் மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. சோல்ஃப்ரிட் காபியை எடுத்துக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தாள். அவள் தட்டச்சு செய்த பெயர் இல்லை, பிறந்த வருடம் இல்லை. அப்பா, அத்தை, சித்தப்பா என்று வரிசையாக நின்ற கட்டங்களின் கடைசியில் அது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் போல் இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி: உயிருடன் இருப்பவர், விவரங்கள் காட்டப்படமாட்டா.

அவள் சிரித்துவிட்டாள். இது இணையதளத்தின் விதி. இறந்த நாளை நிரப்பாவிட்டால், நூறு வயதைத் தாண்டாத எவரையும் அது உயிரோடிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். உயிரோடிருப்பவரின் சங்கதியை ஊருக்குக் காட்டாது. குடும்ப வரலாறு தொகுக்க உட்காருகிற எல்லோரும் ஆரம்பத்தில் செய்கிற தவறுதான். ஆனால் சோல்ஃப்ரிட் தவறிச் செய்யவில்லை. அது அப்பாவின் தங்கைக்கான கட்டம். அந்தக் குழந்தை பிறந்தது அவளுக்குத் தெரியும். எப்படிச் செத்தது என்று எண்பது வருடமாக இந்தக் குடும்பத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாததை எழுத மாட்டேன், தெரிந்ததை மறைக்கவும் மாட்டேன் என்று வேண்டுமென்றே அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

வெளியே இருட்டு. டிசம்பரில் வடதுருவத்தை ஒட்டிய ஃபின்மார்க்கின் கடலோரத்தில் சூரியன் எழுவதே இல்லை. பதினோரு மணிக்குத் தெற்கு வானத்தில் ஒரு நீலம் தெரியும், சமையல் முடிவதற்குள் அதுவும் போய்விடும். ஜன்னலில் காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பில் காட் மீனும் ஈரலும் வெந்த வாசனை இன்னும் அடங்கவில்லை. தான் வேலை பார்த்த மீன் கம்பெனி அலுவலகத்தை மூடிய பிறகு, அப்பா செத்துப்போய் விட்டுச்சென்ற இந்த வீட்டுக்கு அவள் தனியாகத் திரும்பி வந்திருந்தாள். போருக்குப் பின் சர்க்கார் ஒரே வரைபடத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. பின்பக்கம் பாறைச்சரிவு. சரிவின் அடியில் குகை.

வரப்போகும் கோடையில் சொந்தபந்தம் முழுக்க இங்கே கூடுகிறது. அதற்காகத்தான் இந்த இணையதளம். ஒவ்வொருவரின் கட்டத்தைத் தொட்டாலும் அவர் வாழ்ந்த காலம் திறக்கும்: மீன் வராமல் போன வருடங்கள், வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் பேசியதற்கு அடி வாங்கிய வருடங்கள், படகுகள் திரும்பாத குளிர்காலம். எல்லாவற்றையும்விட உறவினர்கள் மெச்சியது 1944 இலையுதிர் காலத்தின் பக்கம். பின்வாங்கிய ஜெர்மன் படை வீடு, தேவாலயம், படகுத்துறை ஒன்று விடாமல் கொளுத்திவிட்டு, ஜனங்களைத் தெற்கே கப்பலேற்றியது. இந்தக் குடும்பத்து ஆட்கள் ஏற மறுத்தார்கள். படை போகும்வரை குகைக்குள் ஒளிந்திருந்தார்கள். "நம்ம ஆளுங்க யாருக்கும் பணியல" என்று ஆளாளுக்குப் பெருமையாக எழுதியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தின் அடியில்தான் இன்று காலை அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: குகைக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா தன் கடைசி மாதங்களில், நினைவு குழம்பிய நிலையில், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பெயர் வைத்தார்களா என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொள்வார். ஆகவே சோல்ஃப்ரிட்டே பெயர் வைத்தாள். தாயின் தாய் பெயரை மகளுக்கு வைப்பது இந்தக் குடும்பத்து வழக்கம். அதன்படி ஓலேயா.

பத்து நிமிஷத்தில் தம்பி ஓடின் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, செத்துப்போன குழந்தைய எதுக்கு இப்ப இழுத்துட்டு வர்ற? விருந்துக்கு வர்றவங்க நிம்மதியா சாப்பிட வேண்டாமா?"

"சாப்பிடட்டும்டா. சாப்பிட்டுக்கிட்டே படிக்கட்டும்."

"உனக்குப் பிடிவாதம்."

"நம்ம ஆளுங்க யாருக்கும் பணியலன்னு நீதானே எழுதின? நானும் நம்ம ஆளுதான்."

அதை நினைத்து இப்போதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. காபியை ஒரு வாய் குடித்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது: நனைந்த கம்பளி, அதோடு கடற்பாசி, அதோடு மீனெண்ணெய் விளக்கு பல நாள் காற்றில்லாத இடத்தில் எரிந்தால் வரும் பழைய புகை. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றைப் பார்த்தாள். நேற்றுத் துவைத்துப் போட்ட காலுறைகள் காலையிலேயே காய்ந்திருந்தன. இப்போது அவற்றில் ஒன்றின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது. சொட்டவில்லை. சப்பி விட்டதுபோல் சுருங்கி, நூல் ஒட்டி, ஈரமாக.

எழுந்து போய்த் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பின் சூடு என்று சொல்லிக்கொண்டாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. இந்தக் கரையில் எதுதான் உப்பில்லை என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, காலுறையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். வீடு முழுக்க மர வீடுகளுக்கே உரிய முனகல்கள். குளிர் இறுகும்போது பலகை சுருங்கும், ஆணி பேசும், அதெல்லாம் அவளுக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். ஆனால் அந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொன்று கேட்டது, மெல்லியதாக, விட்டு விட்டு, பால் இல்லாத மார்பை ஒரு வாய் இழுப்பதுபோல். கயிற்றின் பக்கமிருந்து.

தொலைபேசி அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குட்லாக் அத்தை. அப்பாவின் அக்கா. குகையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். அப்போது அவளுக்கு ஏழு வயது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் குடியிருப்பில் கையில் ஒரு பலகைக் கணினியை வைத்துக்கொண்டு, குடும்பத்தார் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் ஏதாவது நக்கல் எழுதுவாள். இன்று நக்கல் இல்லை.

"அடியே, அதை எடுத்துடு."

"எதை அத்தை?"

"எதைன்னு உனக்குத் தெரியும். காலையிலயே பேரைப் பார்த்தேன். கண்ணு, சொன்னா கேளு. பேரை எடு."

"ஏன் எடுக்கணும்? ஓடின் சொல்லிக் குடுத்தானா?"

"அவன் கிடக்கான் போக்கத்தவன். நான் சொல்றேன். பேரில்லாம போன பிள்ளைக்குப் பேரை மட்டும் குடுக்கக் கூடாதுடி. பேரைச் சொல்லி, போயிட்டு வாம்மான்னு அந்த மூச்சுலயே மண்ணையும் போடணும். நீ பேரைக் குடுத்துட்டு மண்ணு போடாம விட்டிருக்க. உயிரோட இருக்குன்னு வேற எழுதி வச்சிருக்க."

"நான் எழுதல, அத்தை. அது தானா காட்டுது."

"யாரு எழுதினா என்ன? அது படிச்சிருக்கும்."

சோல்ஃப்ரிட்டுக்கு முதுகு சில்லிட்டது. கூடவே கோபமும் வந்தது. பயத்தைவிடக் கோபம் அவளுக்கு எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். எண்பது வருடம் மூடி வைத்துவிட்டு, இப்போது பேயைக் காட்டி மிரட்டுகிறார்களா?

"சரி அத்தை, மண்ணு போடறேன். எப்படிச் செத்துச்சு, சொல்லுங்க. சாவு நாளை நிரப்பறேன். அது தெரியாம ஒரு எழுத்தையும் எடுக்க மாட்டேன்."

இந்தப் பக்கம் சப்பும் சத்தம் நின்றிருந்தது. அதுவும் காது கொடுத்துக் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"பூட்ஸ் சத்தம் மேல கேட்டுது," என்றாள் அத்தை. "பாறை மேல நடக்கறானுங்க. அது அழ ஆரம்பிச்சுது. அம்மாவுக்குக் காய்ச்சல், நினைவே இல்ல. எல்லாரும் ஷ்ஷ்ங்கறாங்க. என் மாமா, என் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும். ஷ்ஷ், ஷ்ஷ். அது என் மடியில இருந்துது. கம்பளித் தொப்பிய கழட்டி அது வாய்மேல... என் கைதான்டி. சின்னக் கை. நானும் ஷ்ஷ்னுதான் சொன்னேன். பொறந்ததுலருந்து அதுகிட்ட யாரும் வேற ஒண்ணுமே பேசல."

சோல்ஃப்ரிட்டின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஏழு வயதுக் கையை நினைத்தாள். அந்தக் கையோடு எண்பது வருடம் சோறு தின்ற ஒருத்தியை நினைத்தாள்.

"உங்க கைன்னு எழுத மாட்டேன், அத்தை."

"எழுதாதே. மொத்தமா அழிச்சிடு."

"அழிக்கவும் மாட்டேன். ஷ்ஷ்னு சொன்ன எல்லாரையும் எழுதுவேன். உங்க மாமா, உங்க சித்தப்பா, பக்கத்து வீடு, பேரோட. பணியாத ஆளுங்கன்னு பெருமை பேசுறாங்களே, அந்தப் பெருமையோட விலைய யாரு தலையில கட்டுனாங்கன்னு எழுதுவேன். ஒரு குடும்பமே சேர்ந்து மூடுன வாய். இனிமே மூட முடியாது. நீங்க லைன்லயே இருங்க."

தொலைபேசியை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். கட்டத்தைத் திறந்தாள். இறந்த நாள் என்ற இடத்தில் நவம்பர் 1944 என்று அடித்தாள். சேமித்தாள்.

கட்டம் சாம்பலாகவே இருந்தது. உயிருடன் இருப்பவர். திறந்து பார்த்தாள். இறந்த நாள் காலி.

மறுபடி அடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக, பின்னாலிருந்து, மறைந்தன. ஒரு பிள்ளை தட்டிலிருந்து சோற்றுப் பருக்கையைப் பொறுக்குவதுபோல், நிதானமாக.

அடுப்புப் பக்கம் ஏதோ பொத்தென்று விழுந்தது. ஈரத்துணி விழுகிற சத்தம். பிறகு பலகைத் தரையில் ஓர் இழுப்பு. நிறுத்தம். இன்னோர் இழுப்பு. முழங்கால் ஊன்றக் கற்றுக்கொள்ளாத ஒன்று, வயிற்றால் நகர்கிற சத்தம்.

"சோல்ஃப்ரிட்?" என்றது தொலைபேசி. "என்னடி சத்தம் அது?"

அவள் திரும்பவில்லை. கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொள்ளவும் இல்லை.

"ஓலேயா," என்றாள் சத்தமாக. "இது உன் வீடு. நீ இந்த வீட்டுப் பொண்ணு. உன்னைத் துரத்த மாட்டேன். ஆனா நடந்ததை எழுதத்தான் போறேன். எனக்குப் பயமில்ல."

பயம் இருந்தது. இருந்தும் சொன்னாள்.

இழுப்புச் சத்தம் நின்றது. நாற்காலிக்கு அடியில்.

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். இறந்த நாளை விட்டுவிட்டாள். பக்கத்தின் அடியிலேயே எழுதினாள். குகையில் இருந்தவர்கள் அவளை அழ விடவில்லை. மேலே ராணுவம். கீழே எல்லோரும்.

பாவாடை கனத்தது. முழங்காலில் ஈரம். மடியில் ஒரு எடை, ஒரு பூனையின் அளவு, ஐஸ் தண்ணீரின் குளிர். எடை ஏறியது. வயிறு. மார்பு. மூக்கில் கம்பளி நாற்றம்.

"பேசுடி!" தொலைபேசி கத்தியது. "சோல்ஃப்ரிட், ஏதாவது பேசுடி!"

வாயைத் திறந்தாள்.

ஒரு கை. மிகச் சின்னக் கை. உதட்டுக்கு மேல் வந்து உட்கார்ந்தது. வழுவழுப்பு. நகமில்லை. பச்சைக் குழந்தையின் கை, ஆனால் விலக்க முடியவில்லை. இன்னொரு கை மூக்கின்மேல். ஒரு தொப்பி அளவுக்கு இருட்டு.

அவள் விரல்கள் நிற்கவில்லை. அழிக்கும் பொத்தானுக்கும் போகவில்லை. மாமா பெயர். சித்தப்பா பெயர். மூச்சில்லாமல், எழுத்தெழுத்தாக.

பிறகு ஈரமான ஒரு கன்னம் அவள் கன்னத்தோடு ஒட்டியது. காதுக்குள், மிக ஆசையாக, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை அது சொன்னது.

ஷ்ஷ்.