ஆலிஸின் முறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஐப்பசி அடைமழை. இராயபுரத்தில் விஷக்காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து ஆளை வாரிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குக் கப்பல் வராததால், கரி இறக்கும் இன்னாசி அன்று விளக்கு வைக்கும் முன்பே சந்துக்குள் நுழைந்தான்.

"இன்னாண்ணே, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா. "உன் மூஞ்ச வெளிச்சத்துல பாத்து எத்தினி நாளாச்சு!"

அவன் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் கூலிக்காக ஓடினான். பெண்சாதி சிலுவையம்மாளும் மகன் அம்புரோசும் அடுத்தடுத்துப் போனபிறகு, வீட்டுக்குப் பயந்து ஓடினான். காய்ச்சலில் கிடக்கும் மகள் ஆலிசுக்குக் கஞ்சி ஊற்றுவதுகூடக் குப்பம்மாதான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இனிமே நான் உள்ள போவமாட்டேண்ணே. சாயங்காலமானா செபம் கேக்குது. சிலுவக்கா குரலு. அம்புரோசு சாவுறதுக்கு முந்தி, 'அம்மா கூப்டுது, என் மொற வந்துச்சு'ன்னு எய்ந்து உக்காந்து சொன்னான். சொல்லி முடிச்சான், அப்டியே சாஞ்சான். நேத்துலருந்து அவன் குரலும் சேந்து கேக்குதுண்ணே."

இன்னாசி தன் வீட்டுக் கதவைப் பார்த்தான்.

அந்த வீட்டுச் செபமாலை வழக்கம் சந்துக்கே தெரியும். ஆளுக்குப் பத்து மணி. முதலில் தாய், அடுத்து மகன், பிறகு ஆலிஸ். கடைசி முறை இன்னாசிக்கு. அவன் ஒருநாளும் அதற்கு வந்து சேர்ந்ததில்லை.

கோயில் மணி அடித்தது. கதவைத் தள்ளினான்.

ஈரச் சுவரின் வாடை. அதற்கு மேலே, அப்போதுதான் அணைந்த மெழுகுவர்த்தியின் புகை. வீட்டில் மெழுகுவர்த்தியே கிடையாது.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே..."

தாய்க் குரல். நிதானமாக, அவசரமே இல்லாமல். அது முடிந்ததும், மீசை முளைக்கும் வயதின் உடைந்த குரல்.

ஆலிஸ் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. வெறும் விரல்கள் மணி உருட்டின.

மகனின் குரல் நின்றது.

"ஆலிசு," என்றது இருட்டு. "உன் மொறடி, கண்ணு."

ஆலிஸ் வாய் திறந்தாள்.

இன்னாசி பாய்ந்து பொத்தினான். உள்ளங்கையில் அவள் மூச்சு நெருப்பாய்ச் சுட்டது.

"வாணாம் சிலுவ! இவ மொறைய நான் சொல்றேன். இவகூட நான் ஒருநாளும் உக்காந்ததில்ல. கொஞ்ச நாளு இருக்க வுடு!"

மகள் பக்கத்தில் மண்டியிட்டான். கூரையில் மழை மட்டும்.

தடுமாறி, மறந்து, அழுது, மகளின் பத்து மணியையும் அவனே சொல்லி முடித்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. காதுக்கு வெகு அருகில், குளிர்ந்த மூச்சோடு.

பிறகு ஒரு பெருமூச்சு.

"சரிய்யா. உன் மொற பாக்கி கீது."

விடியும்போது ஆலிசுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டிருந்தது.

அதன்பின் மேஸ்திரி ராத்திரி வேலைக்கு ஆள் அனுப்பினாலும் இன்னாசி போகவில்லை. மணி அடிக்கும் முன் வீட்டில் இருந்தான். மகளுக்குக் கோணல்மாணலாகப் பின்னல் போட்டான். குழம்பில் உப்பு தூக்கலென்று அவளிடம் திட்டு வாங்கினான். இருவரும் செபத்துக்கு உட்காருவார்கள். கடைசிப் பத்து வருமுன் அவன் எழுந்துவிடுவான்.

"இன்னா நைனா, பாதில எய்ந்துக்கிற?"

"அது அப்பறம் சொல்லிக்கலாம், கண்ணு."

ஒரு மாலை, பாயைச் சுருட்டக் குனிந்த ஆலிஸ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நைனா, நாம ரெண்டு பேருதானே உக்காந்தோம்?"

"ஆமா."

"அந்தப் பக்கமும் பாயி சூடா கீதே."