மாலை போட்ட டம்மி பீஸ்

"கையை எடுங்க..."

சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தது. பரிதியின் மணிக்கட்டில், சுளீரென்று.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. அடித்தவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய காரின் முகத்தில் கட்டியிருந்த ரோஜா மாலையை இரண்டு கையாலும் பற்றி, வயலில் களை பிடுங்குவதுபோல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை. காலை எட்டரை மணி. மாப்பிள்ளை கார். வலங்கைமான் மண்டபத்துக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். என்ஜினிலிருந்து ஆவி குபுகுபுவென்று...

"என்னங்க பண்றீங்க? கல்யாண வண்டிங்க இது" என்றான் பரிதி.

"தெரியுது. அதான் மூச்சு விட முடியாம கிடக்கு."

மூடியைச் சூட்டோடு திறந்திருந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பாய்ந்திருக்கும். அவனுக்குத் தெரியாததா? முகூர்த்தப் பதற்றத்தில் மறந்துவிட்டான். கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவள் செம்மொழி. ரோட்டோரம் தகர ஷெட்டில் அறுவடை மெஷின் மெக்கானிக். குறுவை அறுப்பில் வைக்கோல் தூசி அடைத்து மெஷின்கள் சூடேறுவதை நாள்தோறும் பார்க்கிறவள். இந்த வண்டியில் அடைத்திருந்தது பூ. அவ்வளவுதான் வித்தியாசம். இதையெல்லாம் மாலையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். கன்னத்தில் கிரீஸ் ஒரு கோடு. இமைகளில் மழை முத்து முத்தாக நின்றது. அந்தக் கண்கள் ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தன...

பரிதிக்கு மணிக்கட்டு வலி மறந்துபோனது.

"இது என்ன, பானெட் மேல வாயைப் பொளந்துக்கிட்டு?"

"ஏர் ஸ்கூப்புங்க. காத்து உள்ள போறதுக்கு."

அவள் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டாவது கணுவோடு தகரத்தில் முட்டி நின்றது.

"காத்து எங்க போகுது?"

"அது... டம்மி."

"சைடுல நாலு பைப்பு மின்னுதே?"

"டம்மி."

"மேல பெல்ட்டு, புல்லியெல்லாம் வெச்சு ஒண்ணு உட்கார்ந்திருக்கே?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பார்க்காததுபோல் பரிதி வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பழைய அம்பாசடரை நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பாராமல் இழைத்தவன் அவன். தஞ்சாவூரில் அந்த வண்டி வாடகைக்குக் கிடைக்க வேண்டுமென்று கல்யாணத் தேதியையே தள்ளி வைத்தவர்கள் உண்டு.

அப்போது பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. பட்டு வேட்டி, கழுத்து நிறைய மாலையோடு மாப்பிள்ளை ராஜசேகர் எட்டிப் பார்த்தார். என்ன தாமதம் என்று கேட்க வாயெடுத்தவர், செம்மொழியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கண்ணாடி பாதி ஏறியது.

சாரல் அடிக்கிறது போல, என்று நினைத்தான் பரிதி.

செம்மொழியின் கை ஒரு நொடி நின்றது. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒன்பதரைக்கு முடிகிறது என்றான். ஆவி அடங்கக் காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகி, என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். என்ஜின் இருமி, சீராக ஓடத் தொடங்கியது.

"கிளம்புங்க. அங்க ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா" என்றவள், பிய்ந்த மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சேர்த்தாள். ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"மாலை போட்டு அலங்காரம் பண்ணிட்டா ஆச்சா? உள்ள ஒண்ணும் கிடையாது. சுத்த டம்மி பீஸ்."

பரிதிக்கு நெஞ்சில் யாரோ உதைத்ததுபோல் இருந்தது.

முன் சீட்டில் மாப்பிள்ளையின் தம்பி ஜெகன் ஃபோனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இதைக் கேட்டுக் கெக்கெக்கென்று சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

முகூர்த்தத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் வீடியோ தஞ்சாவூர் வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் டீக்கடையில், "டம்மி பீஸுக்கு ஒரு டீ" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கார்த்திகை முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்தவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அவனுடைய அம்மா கமலவல்லி, பெண் தேடுகிற நேரத்தில் இப்படி ஒரு பேரா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊர் சொன்னது அவனைத் தைக்கவில்லை. முதலில் சொன்னவள்தான்... முத்து முத்தாக மழை நின்ற அந்தக் கண்களோடு தன்னைப் பார்த்துத்தானே சொன்னாள்?

ரோஷம் தலைக்கேறி, கட்டிங் மெஷினை எடுத்து ஸ்கூப்பின் வாயைத் திறந்தான். அடியில் பானெட்டிலும் ஓட்டை போட்டான். இனி அது ஒரிஜினல். காற்று உள்ளே போகும். ஆனால் பார்க்கத்தான் யாரும் வரவில்லை. இருபதாவது நாள், திருவாரூரில் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டார். அம்மா கொடுத்துவிடச் சொன்னாள். சரி என்றுவிட்டான்.

வண்டியைக் கொடுக்கக் கிளம்பினான். திருவாரூருக்கு நீடாமங்கலம் வழியாகப் போனால் சீக்கிரம். கை ஏனோ வலங்கைமான் பக்கம் திருப்பியது...

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் காய்ந்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒருமுறை குலுங்கியது. இன்னொரு முறை. டப்பென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

தலையைத் தூக்கியவன் உறைந்தான். எதிரே அதே தகர ஷெட். வாசலில் அவள்.

செம்மொழி வந்து பானெட்டைத் தூக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். ஸ்கூப் வழியாக மழை நேராக இறங்கி, பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிக்கிற மூடியும் வயர்களும் தொப்பலாக நனைந்திருந்தன.

"யாருங்க இதைத் திறந்தது?"

"நான்தான். டம்மியா இருக்கக் கூடாதுன்னு..."

"நம்ம ஊர் மழைக்கு அது மூடியே இருந்திருக்கணும்ங்க. கண்ணுக்கு அழகா இருக்கிறதும் ஒரு வேலைதானே."

மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தாள். யூரியா சாக்குத் துண்டு ஒன்றை மடித்து ஸ்கூப்பின் வாயில் திணித்தாள். "மறுபடி டம்மியாக்கியாச்சு" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. இந்த வண்டிக்குச் செய்யும் கடைசி வேலை இது, திருவாரூரில் விற்கப் போகிறேன் என்றான்.

துடைத்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலிருந்து நழுவியது. ஏன் என்று கேட்டாள். டீக்கடையிலிருந்து அம்மா வரை எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. அவள் அந்த வீடியோவைப் பார்த்திருக்கவே இல்லை.

"ஊர் ஆயிரம் சொல்லட்டுங்க" என்றான் பரிதி. "நீங்க சொன்னதைத்தான் தாங்க முடியல. இருபது நாளா அந்தப் பேரை நினைச்சுக் கோபப்படணும்னு பார்க்கிறேன்... சொன்னவங்க முகம்தான் ஞாபகம் வருது. அடிச்ச இடம்கூட இன்னும் வலிக்குது. வலி போயிடுமோன்னு பயமா இருக்கு."

தகரத்தில் மழை கொட்டியது. அவள் தலை குனிந்தாள். நகத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வண்டியை விக்காதீங்க" என்றாள் மெல்ல. "எனக்கு வேணும். ஓட்டுறவரோட சேர்த்து."

பரிதிக்கு ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. மழைகூட.

"என்னை... டம்மி பீஸ்னு சொன்னீங்களே?"

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. உதட்டில் மட்டும் அன்றைய அதே அடக்கிய சிரிப்பு.

"அன்னைக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்தது உங்க வண்டி மட்டும்தானாங்க?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி ஏறி நின்ற கண்ணாடி... மாலைக்குள் புதைந்த முகம்... அன்று அவள் பார்வை தன் மேல் நிற்காமல், தன் தோளைத் தாண்டிப் போனது...

"பின் சீட்ல இருந்தாரே ராஜசேகர்... போன தை மாசம் எங்க வீட்டுல எனக்குப் பூ வெச்சிட்டுப் போனவர். நகத்துல கிரீஸ் இருக்கிற பொண்ணு வேணாம்னு, பத்தே நாள்ல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினவர்" என்றாள் செம்மொழி. "நான் சொன்னது அவரைத்தான்."