வியாழக்கிழமை வட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் துப்பறியும் அலுவலகம் திறப்பதில்லை. அன்று வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால், நெடி தாங்காமல் மாமனும் மச்சானும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். துப்பறிபவரைத் தெருவில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். தேநீரை ஆற்றிவிட்டு, ஆறியது போதுமா என்று ஒரு முறை யோசித்துவிட்டுக் குடிக்கிற ஆள். அவருக்கு உதவியாக இருப்பவன் மனைவியின் தம்பி. அவன் பெயர் 'பட்டாசு'. காரணம் சொல்லத் தேவையில்லை.

கதவைத் தட்டாமலேயே ஒரு பெண் உள்ளே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு டிவிடி வட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதே சரி.

"எங்க அக்கா என் பிழைப்பையே அழிச்சுட்டாங்க சார்."

"சொந்த அக்காவா?" என்றார் நிதானம்.

"ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் மனைவி. சொந்த அக்காவா இருந்தா இந்நேரம் முடியைப் பிடிச்சிருப்பேன்."

பட்டாசு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவள் சொன்னது இது. அவளும் ஓரகத்தியும் ஒரே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டுகள். தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே பெரியவள்தான். தினமும் பிற்பகலில் வரும் ஒரு மருத்துவ நிகழ்ச்சிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் பெரியவளைத்தான் அழைத்திருந்தார்கள். தொண்டை கட்டிக்கொண்டு அவளுக்குக் குரலே எழும்பவில்லை. அதனால் வியாழக்கிழமை சின்னவள் போய் உட்கார்ந்து பேசினாள். நேரலை. பேச்சு எடுபட்டது. இன்னொரு பெரிய சேனல் வாராவாரம் நிகழ்ச்சி நடத்த ஆள் தேடுகிறது. 'நீங்கள் பேசியதை ஒரு வட்டில் போட்டுத் திங்கட்கிழமை காலைக்குள் கொடுங்கள்' என்றார்கள். முதல் சேனலோ நேரலையைச் சேமித்து வைப்பதில்லை. உலகத்தில் அந்த நிகழ்ச்சி இருந்த ஒரே இடம், இரண்டு குடும்பமும் சேர்ந்து வாழும் வீட்டின் கூடத்தில் இருந்த டிவிடி ரெகார்டர்.

"அத்தானோட, அதான் அக்கா வீட்டுக்காரரோட, செல்லப் பிள்ளை சார் அது. உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கு."

அந்தக் கருவியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தொலைக்காட்சிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் பதிவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஹார்ட் டிஸ்க். நேரத்தைக் குறித்து வைத்துவிட்டால், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் நிகழ்ச்சிகளைத் தானே பதிந்து அடுக்கி வைத்துக்கொள்ளும். மற்றொன்று, தட்டில் வைக்கிற வட்டு. அடுக்கியதில் வேண்டியதை அதில் நகலெடுத்து வெளியே எடுத்துப்போகலாம். முன்னது வீட்டு அலமாரி, பின்னது பயணப் பெட்டி.

"வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அக்காவைத் தவிர. டீ போடப் போறாங்க, பாத்திரம் கழுவப் போறாங்க, முழுசா உட்காரவே இல்லை. அவ்வளவு வயித்தெரிச்சல். வெள்ளிக்கிழமை நானும் அத்தானும் வேலைக்குப் போயிட்டோம், என் வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார். அவங்க மட்டும் லீவு. சாயங்காலம் வந்து நகலெடுக்கலாம்னு பார்த்தா, என் நிகழ்ச்சியைக் காணோம்! பட்டியல்ல அந்த நிகழ்ச்சி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் அன்னிக்கு வந்தது. கழுத்துவலி டாக்டர் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"இந்த வட்டு?"

"நேத்து அவங்க அலமாரியில கிடைச்சுது. மேல 'வியாழன்'னு அவங்க கையெழுத்து. மருத்துவமனைக் கம்ப்யூட்டர்ல போட்டேன், பக்கத்து வீட்டு பிளேயர்ல போட்டேன். ரெண்டும் ஒண்ணுமே இல்லைங்குது. வெறும் வட்டு சார்! நான் இதைக் கொண்டுபோய்க் கொடுத்து நாலு பேர் முன்னாடி முழிக்கணும்னே தயார் பண்ணி வெச்சிருக்காங்க. முகத்துக்கு நேரா கேட்டேன். வாயே திறக்கலை."

"ரெகார்டர் இப்ப எங்கே?"

"அத்தான் வெள்ளிக்கிழமையே பிளக்கைப் பிடுங்கி அவர் கண்ணாடிக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். மேல மேல பதிஞ்சா அழிஞ்சது திரும்பக் கிடைக்காதுன்னு யாரோ சொன்னாங்களாம். எனக்கு நாளைக்குக் காலையில வட்டு வேணும் சார். அது கிடைக்காதுன்னா, அவங்க வாயால உண்மையாவது வேணும்."

நிதானம் வட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் பளபளப்பான அடிப்பக்கத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு மச்சானிடம் நீட்டினார்.

"என்ன தெரியுது மாப்ள?"

"என் மூஞ்சி மாமா."

"அதை விட்டுட்டுப் பாரு."

"உள்பக்கம் பாதிக்கு மேல கொஞ்சம் கறுத்த மாதிரி ஒரு வளையம். வெளிப்பக்கம் வெளுப்பா இருக்கு. அழுக்கா இருக்கும்."

"துடைச்சா போகுதா?"

பட்டாசு சட்டை நுனியால் தேய்த்தான். போகவில்லை. நிதானம் வட்டை உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக் கடையில் பெரியவளின் கணவர் ரெகார்டரை ஒரு துண்டில் சுற்றி, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். பார்வை பார்க்க வந்த குழந்தையைப் போல அது இருந்தது.

"நான் எதையும் தொடலை சார். என் மேட்ச் எல்லாம் பத்திரமா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன். பூட்டினதை யாராலயும் அழிக்க முடியாது."

"அந்த மருத்துவ நிகழ்ச்சி தினமும் பதிவாகுதே, இடத்தை அடைக்கலையா?"

"அதை ஏன் கேக்கறீங்க! என் மனைவிக்காகக் குறிச்சு வெச்சது. ஆரம்பத்துல முதுகுவலி, மூட்டுவலி, குதிகால்வலின்னு வரிசையா ஏறி உட்கார்ந்துக்கிச்சு. ஒரு இறுதி ஆட்டத்துக்கு இடமில்லாமப் போச்சு. அவளோட வலிக்கெல்லாம் இடம் இருக்கு, என் ஆட்டத்துக்கு இல்லைன்னா எப்படி? அப்புறம் ஒரு வழி பண்ணினேன். இப்ப எப்பவும் தாராளம்தான்."

"எவ்வளவு மணி நேரம் பிடிக்கும் இது?" என்று பட்டாசு குறுக்கே புகுந்தான். அவர் சொன்னார். பட்டாசின் முகம் சுருங்கியது. அவன் வீட்டிலும் ஒரு ரெகார்டர் உண்டு. அதில் அவர் சொன்னதில் பாதிதான் பிடிக்கும்.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "பெரிய டிஸ்க்கு வாங்கினா மட்டும் போதுமா மாமா? நல்ல ஆட்டமா பதியத் தெரியணும்."

"அடுத்து பெரியம்மாவைப் பார்ப்போம், வா."

பெரியவள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ரெகார்டர் இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு செவ்வகம் தெரிந்தது.

"நீங்கதானே அழிச்சீங்க?" என்று வெடித்தான் பட்டாசு.

"நான் அழிக்கலை." குரல் இன்னும் கரகரத்தது. "அதுக்கு மேல என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. கொடுக்கிறதுக்கும் ஒண்ணுமில்லை."

நிதானம் மெதுவாகக் கேட்டார்: "நிகழ்ச்சி எப்படி இருந்துச்சும்மா? நல்லா பேசினாங்களா?"

"என்னத்தைப் பேசினா! இடது முழங்கால்னு சொல்லிட்டு வலது முழங்காலை மடக்கறா. தோளைத் தளர்த்துங்கன்னு ஊருக்கு உபதேசம், அவ தோள் ரெண்டும் காதைத் தொட்டுக்கிட்டு இருக்கு. நடத்தறவர் கேள்வி கேட்டா பதிலுக்கு முன்னாடி காதோரம் முடியை ஒதுக்கறா, ஒவ்வொரு கேள்விக்கும். அந்த நாற்காலியில நான் உட்கார்ந்திருந்தா..." அவள் நிறுத்திக்கொண்டாள். கழுத்துத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"சாயங்காலம் எல்லாரும் வீட்டுல இருங்க" என்று நிதானம் எழுந்தார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெகார்டரைக் கொண்டுவரச் சொல்றேன்."

சாயங்காலம் கூடத்தில் ரெகார்டர் தன் செவ்வகத்தில் மறுபடி உட்கார்ந்தது. பிளக்கைச் செருகியதும் முகப்பில் கடிகாரம் வெறும் பூஜ்யங்களாக மினுக்கியது. சின்னவள் ஒரு மூலையில், பெரியவள் எதிர்மூலையில், நடுவில் கண்ணாடிக்காரர்.

"முதல்ல நான் சொல்லிடறேன்" என்றான் பட்டாசு. "ஆள் இல்லாத நேரம், கையில ரிமோட், மனசுல பொறாமை. வேற என்ன வேணும்? குற்றவாளி பெரியம்மாதான்."

"பாதி சரி" என்றார் நிதானம். "பொறாமை இருந்தது உண்மை. அதனாலதான் அவங்க அழிக்கலை."

"புரியலை மாமா."

"இவங்க வியாழக்கிழமை உட்கார்ந்தே பார்க்கலை. ஆனா முழங்கால் மாறினது தெரியுது, ஒவ்வொரு கேள்விக்கும் முடியை ஒதுக்கினது தெரியுது. அது பாத்திரம் கழுவற இடைவெளியில கண்ணுல படற விஷயமில்லை. தனியா உட்கார்ந்து, நிறுத்தி, பின்னால தள்ளி, திரும்பத் திரும்பப் பார்த்தவங்களுக்குத்தான் படும். வெள்ளிக்கிழமை காலையில அதைத்தான் செஞ்சாங்க. செஞ்சு முடிச்சு, அதை ஒரு வட்டுல நகலும் எடுத்தாங்க."

"அது வெறும் வட்டு!" என்றாள் சின்னவள்.

நிதானம் வட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "பதிவாகிற வட்டுல லேசர் உள்ளேயிருந்து வெளியே எழுதிக்கிட்டே போகும். எழுதின இடம் கொஞ்சம் நிறம் மாறும். இந்த வளையம் துடைச்சாலும் போகலை. ஆக, இதுல ஏதோ இருக்கு. ஆனா எழுதி முடிச்சதும் ஒரு வேலை பாக்கி. 'ஃபைனலைஸ்' பண்ணணும். எங்கே எது ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னு வட்டுல கடைசியா ஒரு முத்திரை குத்தற மாதிரி. அதைப் பண்ணாத வட்டு, எழுதின ரெகார்டர்லதான் ஓடும். மத்த பிளேயருக்கெல்லாம் அது வெறும் வட்டு. எழுதின ரெகார்டர்தான் கடைக்குப் போயிடுச்சே, நீங்க எப்படிப் போட்டுப் பார்ப்பீங்க?"

பெரியவள் நிமிர்ந்தாள். "அப்ப... நான் எடுத்தது பதிவாகியிருக்கா? ரெண்டு இடத்துல போட்டும் ஒண்ணுமில்லைன்னு இவ கத்தினதும், எனக்குத்தான் எடுக்கத் தெரியலைன்னு நெனச்சேன்."

"அப்ப ஹார்ட் டிஸ்க்ல இருந்ததை அழிச்சது யாரு?" என்றான் பட்டாசு.

நிதானம் ரிமோட்டை எடுத்து, நேரம் குறித்து வைத்த நிகழ்ச்சிகளின் பட்டியலைத் திரையில் வரவழைத்தார். மருத்துவ நிகழ்ச்சியின் ஓரத்தில், ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அம்புகள் போல ஒரு சின்னக் குறி.

"மாசக்கணக்கா தினமும் பதிவாகிற நிகழ்ச்சி. ஆனா பட்டியல்ல எப்பவும் ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் எங்கே போச்சு? இந்தக் குறிதான் பதில். புதுசு பதியும்போது பழசை அழிச்சுட்டு அந்த இடத்துல பதியும். பூட்டுப் போட்டது மட்டும்தான் தப்பும். வெள்ளிக்கிழமை பிற்பகல் கழுத்துவலி டாக்டர் வந்தார், வியாழக்கிழமை பேசினவங்களை எழுப்பிவிட்டுட்டு அதே இடத்துல உட்கார்ந்துட்டார். அப்ப யார் கையிலயும் ரிமோட் இல்லை."

எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு வழி பண்ணினேன்னு சொன்னீங்களே, இதுதானே?"

"இறுதி ஆட்டத்துக்கு இடமில்லைன்னு... அப்ப வெச்சது சார். மறந்தே போச்சு."

"உங்க மேட்சுக்குப் பூட்டு, என் நிகழ்ச்சிக்குக் குப்பைத்தொட்டியா?" என்றாள் பெரியவள். தொண்டை கட்டியிருந்ததை அந்த நேரத்தில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வட்டு தட்டில் வைக்கப்பட்டது. தட்டு உள்ளே போனது. கொஞ்சம் உறுமல், கொஞ்சம் மௌனம். பிறகு திரையில் சின்னவள் தோன்றி வணக்கம் சொன்னாள். மூலையில் இருந்த சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்கா, எதுக்கு நகல் எடுத்தீங்க? எனக்காகவா?"

"உனக்காகன்னு சொன்னா நல்லா இருக்கும். இல்லை." பெரியவள் திரையையே பார்த்தாள். "அழிக்கிற பட்டன் மேல விரலை வெச்சேன். அது நிஜம். அழிச்சுட்டா அப்புறம் நான் எதைப் பார்த்து வயிறெரியறது? அதான் எனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டேன். நீ கேட்டப்ப இதை எப்படிச் சொல்றது?"

சின்னவள் மெல்ல ரிமோட்டை எடுத்தாள். "ஃபைனலைஸ் எங்கே இருக்கு சார்?"

"வை அதைக் கீழே" என்றாள் பெரியவள்.

பட்டாசு மாமாவின் முழங்கையைப் பிடித்தான்.

"முழங்காலை மாத்திக் காட்டினதோட கொண்டுபோய்க் கொடுப்பியா? உனக்கு யார் கத்துக்கொடுத்ததுன்னு கேப்பாங்க. என் பேர் கெடணுமா? சார், இதை மறுபடி ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி, அந்த இடத்தை வெட்ட முடியுமா?"

"முடியும்மா. ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒரு மணி நேரம் ஓடித்தான் திரும்ப ஏறும். ஏறினதும் வெட்டிட்டு, புது வட்டுல எடுத்து முத்திரை குத்திடலாம்."

ஓடியது. இந்த முறை பெரியவள் தேநீர் போடப் போகவில்லை. முழுவதும் உட்கார்ந்து பார்த்தாள். நடுவே "தோளைப் பாரு, தோளைப் பாரு" என்றாள். சின்னவள் "அக்கா, நான் உங்களை..." என்று தொடங்கியபோது, "வாயை மூடு, படம் ஓடுது" என்றாள். ஏறி முடிந்து வெட்டும் வேலை வந்ததும், இடம் எங்கே என்று தேடவே இல்லை. ரிமோட்டை வாங்கி, முழங்கால் மடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் சரியாக நிறுத்தினாள்.

புது வட்டு எழுதி முடிந்ததும் திரை கேட்டது: இதற்குப் பிறகு இந்த வட்டில் எதையும் மாற்ற முடியாது, முடித்துவிடலாமா? பெரியவளின் கட்டைவிரல் சற்று நேரம் பட்டன்மேல் நின்றது. பெரியவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

வட்டு வெளியே வந்ததும் அதைச் சின்னவளின் மடியில் போட்டாள். ஆனால் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. ஹார்ட் டிஸ்கின் பட்டியலுக்குப் போய், அந்த நிகழ்ச்சியின்மேல் நின்று, ஏதோ தேடினாள்.

"பூட்டு எங்கே இருக்கு சார்?"

நிதானம் காட்டினார். நிகழ்ச்சியின் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அதுக்கு எதுக்குப் பூட்டு? அடுத்த வாரம் மேட்ச் இருக்கு, இடம்..." என்று கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எதுக்குக்கா?" என்று சின்னவளும் கேட்டாள்.

"எனக்கு வேணும்" என்றாள் பெரியவள். "வாராவாரம் வரப்போறே இல்ல? எல்லாத்துக்கும் போடுவேன்."