பழைய இயக்கி

அவள் வரையாத நாற்காலி ஒன்று வரைபடத்தில் இருந்தது.

வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. மூன்று வாரமாக இந்த ஒரே வீடு. அதன் ஒவ்வொரு சுவரும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மாடியறையில் ஒரு சன்னல், ஒரு கதவு, அவ்வளவுதான் வைத்திருந்தாள். கதவுக்குக் கைப்பிடிகூட இன்னும் வைக்கவில்லை. இப்போது அந்த அறையின் நடுவே, சுவரைப் பார்த்தபடி, ஒரு நாற்காலி. அழிக்கலாம் என்று மவுஸை நகர்த்தினாள். திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு மொத்தமாக இருண்டது.

மணி நான்கு. வெளியே மழை விட்ட பாடில்லை. ஆறு மணிக்குள் வரைபடம் போய்ச்சேர வேண்டும். "இன்னிக்கும் கம்ப்யூட்டர் மேல பழியைப் போட்டீன்னா, நாளையிலேருந்து வராத" என்று இன்ஜினியர் காலையிலேயே சொல்லிவிட்டார். வேலை போனால் குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். கீழே படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மடிக்கணினி அக்காவுடையது. அக்காவே அதை யாரிடமோ பழசாகத்தான் வாங்கினாள். ஒரு வருடத்துக்கு முன், இவள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே அறையிலிருந்து, உள்ளே போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருக்க, பாதி குடித்த தேநீரையும் ஓடிக்கொண்டிருந்த இந்தக் கணினியையும் அப்படியே விட்டுவிட்டு அக்கா காணாமல்போனாள். எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்றது தெரு. உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு எப்படி ஓடுவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரை திரும்பி வந்தது. 'வரைகலை இயக்கி பழையதாகிவிட்டது. புதுப்பிக்கவும்.'

படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருள் அது. ஊரெல்லாம் டிரைவர் என்பார்கள். அக்கா கணினியைத் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். "டிரைவர்னா வண்டி ஓட்டுறவன். இயக்கின்னா யாரு தெரியுமா வாலு? பழைய கதையில அது பேயோட பேரு" என்று இவளிடம் கண்ணை உருட்டிச் சிரிப்பாள். விசைப்பலகையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டியும் வைத்திருந்தாள். 'இயக்கியைத் தொடாதே.' அக்காவின் கிண்டல். அதைக் கிழிக்க இவளுக்கு மனம் வரவில்லை.

புதிய இயக்கியை இறக்கி நிறுவினாள். பச்சைக் கோடு முக்கால்வாசி ஊர்ந்து நின்றது. மறுபடி இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து கணினியின் விசிறி, மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்குவதுபோல இழுத்து இழுத்துச் சுழன்றது. சூடேறிய தூசியின் வாசனை வந்தது. அதற்கடியில், மெல்ல, அக்கா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனையும் வந்தது.

'புதுப்பிக்க முடியவில்லை. பழைய இயக்கி பயன்பாட்டில் உள்ளது.'

வரைபடத்தில் நாற்காலி சன்னல் பக்கமாக நகர்ந்திருந்தது.

கணினி மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள்.

"அது கிழடும்மா. அதுக்குப் போய் புது டிரைவர் போட்டா, பல்லில்லாத வாயில கரும்பத் திணிச்ச மாதிரிதான்."

"அண்ணே, கிண்டல் பண்ற நேரமா இது? பழைய இயக்கி பயன்பாட்டில் உள்ளதுன்னு வருது."

"இயக்கியா? அப்ப பேயோட்டுறவனக் கூப்பிடு, என்னை ஏன் கூப்பிடுற?" சிரித்தவர், அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டதும் இறங்கி வந்தார். "சரி சரி, அழாத. உள்ள உக்காந்திருக்கிறத முதல்ல வெளியேத்து. ஒரே எடத்துல ரெண்டு பேரு உக்கார முடியுமா? நானும் ஒரு ஃபைல் அனுப்புறேன்."

பழைய இயக்கியின் விவரத்தைத் திறந்தாள். நிறுவப்பட்ட நாள் என்று ஒரு தேதி. காவல் நிலையத்தில் எத்தனையோ முறை சொல்லி நாக்கில் தழும்பேறிய தேதி. அக்கா காணாமல்போன நாள்.

மணி ஐந்தரை. 'அகற்று' என்பதை அழுத்தினாள்.

'மாற்று இல்லாமல் பழைய இயக்கியை வெளியேற்ற முடியாது.'

இருட்டு. வெளிச்சம்.

நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு மட்டும் தெரிந்தது. ஒற்றைப் பின்னல்.

சூட்டில் பசை விட்டு மஞ்சள் சீட்டு கீழே விழுந்தது. அதற்கடியில் இன்னொரு சீட்டு. வெளிறிப்போனது. முன்பின் பார்த்திராத கையெழுத்து. அதே இரண்டு சொல். இயக்கியைத் தொடாதே.

"வாலு," கீழிருந்து அம்மா. "மேல யார்கூடப் பேசிட்டிருக்க?"

"யாருமில்லம்மா."

போனை வைத்து அரைமணி ஆகியிருந்தது.

மணி ஐந்து ஐம்பது. திரையில் புதிதாக ஒரு வரி.

'மாற்று கிடைத்தது. தொடரவா?'

மெக்கானிக் அனுப்பிய ஃபைல்தான். வேறென்ன? அதுவாகத்தான் இருக்க வேண்டும். பத்தே நிமிடம். அம்மா. வீடு.

'ஆம்.'

விசிறி நின்றது. மழைச் சத்தமும் நின்றது. எண்ணெய் வாசனை, கழுத்தருகே.

பிறகு வெளிச்சம்.

அவள் வரைபடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரை குளிரவில்லை. சுடவுமில்லை. சுவர்கள் வெள்ளை. அவள் பூசிய வெள்ளை. கதவுக்கு ஓடினாள். கைப்பிடி இல்லை.

சன்னல்.

சன்னல் முழுக்க ஒரு முகம். ஒரு வருடமாக வெயில் படாத முகம். அக்கா. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய, அக்காவின் விரல்கள் விசைகளை அழுத்தின. எங்கோ உயரத்தில் எழுத்துகள் இடவலம் மாறி ஓடின. 'வரைபடம் அனுப்பப்பட்டது.'

"எழுதி ஒட்டியிருந்தேனே வாலு," அக்கா முணுமுணுத்தாள். "எழுதி ஒட்டியிருந்தேனே."

"முடிஞ்சுதாடி?" வெகுதொலைவில் அம்மா.

"முடிஞ்சுதும்மா," என்றாள் அக்கா. வாலுவின் குரலில்.

குனிந்து மஞ்சள் சீட்டை எடுத்தாள். பழைய இடத்திலேயே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

பிறகு அக்கா மடிக்கணினியை மூட, வானம் மேலிருந்து சாய்ந்து இறங்கத் தொடங்கியது. அக்காவின் நெற்றி மறைந்தது. கண்கள் மறைந்தன. ஒரு கோடு வெளிச்சம் மிஞ்சியது. அந்தக் கோட்டில், தான் கைப்பிடி வைக்காத கதவை, வாலு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.