மேசைக்கு அடியில் ஒரு தாள்

கம்பத்தில் கட்டியிருந்த துணி மறுபடியும் படபடத்தது. அவள் மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"முறைச்சு முறைச்சே காத்தை நிறுத்திடுவ போலிருக்கே," என்றான் நெட்டையன். அவனும் அதே மேசையில்தான் தன் ராக்கெட்டைத் தயார் செய்துகொண்டிருந்தான். காலில் வெந்நீர் கொட்டியவன் போல அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அட்டைக் குழாயில் அவளே ஒட்டிச் செய்த ராக்கெட். முதல் முறையாகப் பறக்கப் போகிறது. பாராசூட் சரியாக மடிந்திருக்கிறதா? ராக்கெட்டின் கூம்பு மூக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி மடித்து வைத்தாள்.

"எத்தனாவது தடவைம்மா?" என்றார் அப்பா.

"கடைசித் தடவைப்பா."

"அதையே ரெண்டு தடவை சொல்லிட்டே."

ராக்கெட் கிளப்பில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றுதான் பெயர். யாராவது "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

மைதானத்துக்குப் பொறுப்பு பல் டாக்டர் அக்கா. அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. பாதிப் பேர் அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்தவர்கள்.

"காத்து ஏறுது. அந்தத் துணி நேரா நின்னுடுச்சுன்னா கடையை மூடிடுவேன்," என்றார் டாக்டர் அக்கா. "முதல் கம்பியில நெட்டையன். ரெண்டாவதுல சந்தேகம். சீக்கிரம்."

இருவரும் ஓடிப்போய் ராக்கெட்டுகளை ஏவும் கம்பிகளில் மாட்டி, ஒயர்களைப் பொருத்திவிட்டுப் பாதுகாப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். நெட்டையன் மேசைமேல் இருந்த ஏவும் பெட்டியின் பட்டனில் விரலை வைத்தான்.

"அஞ்சு..." என்று எல்லோரும் எண்ண ஆரம்பித்தார்கள்.

அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கால் மாற்றி நின்றாள். அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து அவள் செருப்பில் முட்டியது. கசங்கிய தாள். தீப்பிடிக்காத தாள்.

அவள் குனிந்து அதை எடுத்தாள். ராக்கெட் உச்சிக்குப் போனதும் மோட்டார் சூடாக ஊதிப் பாராசூட்டை வெளியே தள்ளும். நடுவில் இந்தத் தாளை அடைக்காவிட்டால் பாராசூட் உருகிவிடும். ராக்கெட் ஈட்டி மாதிரி தலைகுப்புற விழும்.

அவசரக்காரன் மறந்துவிட்டான். இல்லை, மறக்கவில்லையோ? தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களே.

"மூணு... ரெண்டு..."

"நிறுத்துங்க."

சின்னக் குரல்தான். ஆனால் யார் சொன்னாலும் எண்ணிக்கை நின்றாக வேண்டும், அது கிளப்பின் விதி. டாக்டர் அக்கா உடனே பெட்டியிலிருந்து, பட்டன்களை இயக்கும் சாவியை உருவினார்.

"என்ன இப்போ?" என்றான் நெட்டையன்.

அவள் தாளைக் காட்டினாள். "நீ இதை வைக்கலைன்னு நினைக்கிறேன்."

மூவரும் கம்பிக்குப் போனார்கள். நெட்டையன் மூக்கைக் கழற்றினான். உள்ளே பாராசூட். அதற்குக் கீழே தாள் பத்திரமாக இருந்தது.

"பார்த்துக்கோ. நான் ஒண்ணும் மறதிக்காரன் இல்ல," என்றான். பிறகு அவள் கையைப் பார்த்தான். "அப்போ இது யாரோடது?"

அவள் ஓடிப்போய்த் தன் ராக்கெட்டைத் திறந்தாள். பாராசூட் மட்டும்தான் இருந்தது. கடைசியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது தாளைத் திரும்ப வைக்கவே இல்லை.

நெட்டையன் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டைப் பையைத் துழாவினான். "இந்தா, புதுசு. அது மண்ணாயிடுச்சு."

அவள் தாளை அடைத்து மூடினாள். மூவரும் கயிற்றுக்குத் திரும்புவதற்குள் துணி பாதிக்கு மேல் எழும்பியிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான் எண்ணுவேன்," என்றார் டாக்டர் அக்கா.

அவள் ஒரு அடி பின்வாங்கினாள். "நெட்டையனோட ராக்கெட்டையே விடுங்க. அவன் முறையை நான்தானே கெடுத்தேன்."

நெட்டையன் புல்லை உதைத்தான். பட்டன் பக்கம் போகவே இல்லை.

அவள் துணியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "டாக்டர் அக்கா, பெட்டியில ரெண்டு பட்டன் இருக்கு. ஒரே எண்ணிக்கையில ரெண்டு பேரும் அமுக்கினா என்ன?"

டாக்டர் அக்கா கொஞ்சம் யோசித்தார். வானத்தையும் மைதானத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சாவியைத் திரும்பச் சொருகினார்.

"சரி. ரெண்டு பேரும் வாயை நல்லாத் திறந்து எண்ணுங்க."

"அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு!"

உஸ்ஸென்று இரண்டு வெள்ளைக் கோடுகள் மேலே ஏறின. வெகு உயரத்தில் ஒரு சிவப்புப் பாராசூட் விரிந்தது. அடுத்த நொடி ஒரு நீலம்.

"காத்து தள்ளுது, ஓடு!" என்று கத்தினான் நெட்டையன்.

இருவரும் தலையை அண்ணாந்தபடியே புல்வெளியில் ஓடினார்கள். எது யாருடையது என்று பார்க்க அவகாசமில்லை. பக்கத்தில் எது இறங்கியதோ அதை நோக்கிப் பாய்ந்து அவள் இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

அது நெட்டையனுடையது. தூரத்தில் நெட்டையன், அவளுடைய சிவப்புப் பாராசூட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ராக்கெட்டை உயரே தூக்கிக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தான்.